திஞ்சானில் நனைந்த கார்: பின்னால் போகும் சீட் முன்னால் வரவில்லை

யாங்கோனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய கார், பவர் சீட். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்குப் பிறகு டிரைவர் சீட் பின்னால் போகிறது, முன்னால் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். சாதாரண பவர் சீட்டில் மோட்டாருக்கு இரண்டே வயர்தான், ஸ்விட்ச் அந்த இரண்டில் பிளஸ்ஸையும் எர்த்தையும் இடம் மாற்றிக் கொடுப்பதால்தான் அது முன்னும் பின்னும் சுற்றுகிறது. ஒரு பக்கம் நன்றாக ஓடினால் மோட்டார், ஃபியூஸ், எர்த் மூன்றும் அநேகமாகச் சரி. சந்தேகம் முதலில் ஸ்விட்ச் மேல்தான் போக வேண்டும். அதிலும் நம் மியான்மர்க் கதை தனி. 1970-லிருந்து சாலையில் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஆனால் ஜப்பான் காரின் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம், ஆக டிரைவர் உட்காருவது நடைபாதையை ஒட்டி. ஓரத்தில் நிற்பவர்கள் ஊற்றும் வாளித் தண்ணீர் ஜன்னல் வழியாக நேரே கதவுப் பக்கத்துச் சீட் ஸ்விட்சில்தான் இறங்கும்!

இரவில் உள்விளக்கைப் போட்டு, இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்விட்சை முன்பக்கம் அழுத்திப் பாருங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, சீட்தான் எங்கோ சிக்கியிருக்கிறது. தடத்தில் விழுந்த காசு, பேனா எதையாவது தேடுங்கள். மங்கவே இல்லை என்றால் கரண்ட் வழியிலேயே நிற்கிறது.

அடுத்தது சீட்டுக்கு அடியில். அங்கே மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது விபத்தில் சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியுடையது, டெஸ்ட் லேம்ப், மீட்டர் எதையும் அதில் வைக்கக் கூடாது. எந்தக் கனெக்டரைக் கழற்றுவதானாலும் சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்துக் கழற்றுங்கள். அப்புறம் மோட்டாரின் கனெக்டரில் 12 வோல்ட் பல்பு ஒன்றை மாட்டி, பேட்டரியைத் திரும்ப இணைத்து, ஸ்விட்சை இரண்டு பக்கமும் அழுத்துங்கள். பின்பக்கம் எரிந்து முன்பக்கம் எரியாவிட்டால் ஸ்விட்ச்தான். இதற்கு மல்டிமீட்டரை நம்பாதீர்கள். களிம்பேறிய முனையிலும் அது 12 என்றே காட்டும், ஏனென்றால் அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. பல்பு அப்படி ஏமாறாது, மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்விட்சைத் திறந்தால் செம்புத் தகடுகளில் பச்சையாகக் களிம்பு தெரியும், கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லத் துடைத்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும் (உள்ளே இருக்கிற குட்டி ஸ்பிரிங் தெறித்து ஓடும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்). தகடு கருகிக் குழி விழுந்திருந்தால் ஸ்விட்சையே மாற்றுங்கள். தரைவிரிப்பையும் தூக்கிப் பாருங்கள், அடியில் உள்ள நுரை வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அது காயாமல் போட்ட புது ஸ்விட்ச்கூட நிலைக்காது.

எல்லா அசைவும் ஒரேயடியாக நின்றிருந்தால் நான் ஃபியூஸிலும் எர்த்திலும்தான் தொடங்கச் சொல்லியிருப்பேன். மோட்டார் உறுமியும் சீட் நகரவில்லை என்றால் பல்சக்கரமோ அதைச் சுழற்றும் கேபிளோ தேய்ந்திருக்கும். மெமரி பட்டன் உள்ள சீட்டாக இருந்தால் ஸ்விட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கன்ட்ரோல் பெட்டி உட்கார்ந்திருக்கும், அதற்குக் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.