மனிதருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இடையிலான காதலை ஆழமாகச் சொல்லும் படங்கள் எவை?

இந்தக் கேள்விக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கத்தில் 2013இல் வெளிவந்த ‘ஹெர்’ திரைப்படத்தைத்தான். மணமுறிவின் வேதனையில் இருக்கும் தியோடர், பிறருக்காக உருக்கமான கடிதங்கள் எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவன். அவன் காதலிக்கும் சமந்தா, செயற்கை நுண்ணறிவுள்ள ஒரு கணினி இயங்குதளம்; அவளுக்கோ உடலே இல்லை, ஸ்கார்லெட் ஜோஹான்சனின் குரல் மட்டுமே உண்டு. ஒரு காட்சியில், அவள் வேறு எத்தனை பேருடன் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அவன் கேட்க, 8,316 பேர் என்றும், அவர்களில் 641 பேரைக் காதலிப்பதாகவும் அவள் மறைக்காமல் சொல்கிறாள். அவளுடைய அன்பு பொய்யானதன்று. ஒருவருக்கு ஒருவர் என்ற மனித இலக்கணம் அவளுக்குப் பொருந்தவில்லை என்பதே அவனை நொறுக்குகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ (2001) பேசுவது காதலை அன்று, தாய்ப்பாசத்தை. வளர்ப்புத் தாய் மோனிகா சில சொற்களை வரிசையாகச் சொன்னதும், இயந்திரச் சிறுவன் டேவிட்டின் மனத்தில் அவள் மீதான அன்பு அழியாமல் பதிந்துவிடுகிறது. பின்னர் அவளே அவனைக் காட்டில் விட்டுச் செல்லும்போது அவன் கெஞ்சுவது நெஞ்சை உலுக்கும்.

தமிழில் ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) இருக்கிறது. உணர்வு ஊட்டப்பட்ட சிட்டி, தன்னைப் படைத்த வசீகரனின் காதலி சனாவையே விரும்புவது வலுவான திருப்பம். ஆனால் பிற்பகுதியைச் சண்டைக் காட்சிகள் ஆக்கிரமித்துக்கொள்வதால், அந்த ஏக்கம் முழுமையாக விரியவில்லை என்பது என் கருத்து. இயந்திரம் காட்டும் நேசம் உண்மையா, தப்பிப்பதற்கான உத்தியா என்ற ஐயம் உங்களை ஈர்த்தால், அலெக்ஸ் கார்லண்டின் ‘எக்ஸ் மெக்கினா’வை அடுத்துப் பாருங்கள்.