ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் திறந்து பார்க்கக்கூடிய) போனும் லேப்டாப்பும் வாங்க வேண்டும். லினக்ஸ் போனை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

கேட்டவர் தென்காசிக்காரர். கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது, அதற்குள் போனும் லேப்டாப்பும் வேண்டும், கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை, தன் சமாச்சாரம் கம்பெனிகளுக்குப் போகக் கூடாது என்கிறார்.

வரவழைக்க வேண்டாம். அந்த ஆசை எனக்கும் இருந்ததால்தான் இவ்வளவு பட்டென்று சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தா. பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், செக் கேஸ் என்று வருகிறவர்கள் பத்திரம், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து என் போனுக்குத்தான் அனுப்புவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையின் ஸ்கிரீன்ஷாட்டுகூட வரும். 'எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு' என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. என் போனில் இருப்பதில் பாதி ஊரார் மானம்.

லினக்ஸ் என்பது விண்டோஸ் போல ஓர் ஓஎஸ், அதாவது கருவியையே இயக்கும் அடிப்படை நிரல், ஆனால் ஓப்பன் சோர்ஸ். லிப்ரெம் 5, பைன்போன் இரண்டும்தான் நீங்கள் கேள்விப்பட்ட லினக்ஸ் போன்களாக இருக்கும். லிப்ரெம் 5-இன் பக்கவாட்டில் மூன்று சுவிட்சுகள். ஒன்றைத் தள்ளினால் கேமராவும் மைக்கும் மின்சாரமே இல்லாமல் அணைந்துவிடும், இன்னொன்று வைஃபைக்கு, மற்றொன்று சிம் வேலை செய்யும் மோடத்துக்கு. படிக்கும்போதே கை துறுதுறுக்கும். ஆனால் ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே பேச்சு போகும் வசதி, சரியாக வேலை செய்யாத போனில் அந்த சிம்மைப் போட்டுப் பேச முடியாது. யுபிஐ ஆப்பும் அதில் எதிர்பார்க்காதீர்கள். திரை உடைந்தால் வண்ணார்பேட்டையில் எந்த அண்ணாச்சி கடையில் கொடுத்து மாற்றுவீர்கள்?

நான் கடைசியில் வாங்கியது பழைய கூகுள் பிக்சல் 8. விலை 27 ஆயிரம். அதோடு வந்த கூகுள் ஓஎஸ்ஸை எடுத்துவிட்டு, கிராஃபீன் ஓஎஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ் போட்டிருக்கிறேன். எங்கள் அத்தான் கேட்டுவிட்டு, "ஏல, கூகுள் வேண்டாம்னு கூகுள் போனயா வாங்குன?" என்று ஒரு வாரம் சிரித்தார். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் காரணம் உண்டு.

போனில் வேறு ஓஎஸ் போட முதலில் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆனதும் ஓஎஸ்ஸை ஏற்றும் நிரலை, திறக்க வேண்டும். சில கம்பெனிகள் திறக்கவே விடுவதில்லை, சில நாள்கணக்கில் காக்க வைக்கின்றன. திறந்த பிறகு புது ஓஎஸ்ஸோடு திரும்பப் பூட்ட முடிவது மிகச் சில போன்களில்தான், பிக்சல் அதில் ஒன்று. கதவைக் கழற்றிப் புதுப் பூட்டு மாட்டி, சாவியை நம் கையில் வைத்துக்கொள்வது போல. பெரும்பாலான போன்களில் லினேஜ் ஓஎஸ் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ் போட்டால் பூட்லோடர் திறந்தே கிடக்கும், போன் யார் கையிலாவது சிக்கினால் உள்ளே விளையாடலாம். அதற்காக லினேஜைக் குறை சொல்லவில்லை. கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட போனுக்கு அது மறுபிறவி, என் அம்மா கையில் இருப்பது அதுதான். ஆனால் ஊரார் பத்திரத்தை நான் அதில் வைக்க மாட்டேன்.

கிராஃபீன் பிக்சலில்தான் ஓடும். போடுவது பயப்படும் வேலை இல்லை. போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்காமல், கம்ப்யூட்டரில் குரோம் போன்ற குரோமியம் வகை பிரவுசரில் அவர்கள் தளத்தைத் திறந்து, நல்ல கேபிளைச் செருகி, காட்டுகிற பொத்தான்களை வரிசையாக அமுக்க வேண்டும். எனக்கு அரைமணி நேரம் ஆனது, அதில் பத்து நிமிடம் சொத்தைக் கேபிளால் போனது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. வாட்ஸ்அப்பை என்னால் விட முடியாது, விட்டால் தொழில் போய்விடும். அது தொடர்புப் பட்டியலைக் கேட்கும்போது, முழுப் பட்டியலும் கொடுத்தது போலக் காட்டிக்கொண்டு நான் குறித்த நாலைந்து பேரை மட்டும் கிராஃபீன் காட்டும். போட்டோக்களுக்கும் அப்படியே. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் அதையும் தனிச் சலுகை எதுவும் இல்லாத சாதாரண ஆப்பாகப் போட்டுக்கொள்ளலாம்.

பழைய பிக்சல் வாங்குகிறவர் மாடல் பெயரைவிடத் தேதியைப் பார்க்க வேண்டும். பிக்சல் 8-இலிருந்து வெளிவந்த நாள் தொட்டு 7 ஆண்டு அப்டேட். 8-க்கு 2030 அக்டோபர் வரை, 8ஏ-க்கு 2031 மே வரை வரும். 7ஏ-க்கு 2028 மே வரைதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று 6ஏ, 7ஏ பக்கம் போகாதீர்கள். இரண்டிலும் பேட்டரிக் கோளாறுக்காக 2025-இல் கூகுளே தனித் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து தந்தால் இன்னும் கவனம். அங்கே சில நெட்வொர்க் கம்பெனிகள் விற்கும் பிக்சலில் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. காசு கொடுக்கும் முன் செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய், போன் நெட்டில் இருக்கும்போது 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற வரியைத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். மங்கிக் கிடந்தால் சவத்த விட்டுட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

பேங்க் ஆப் ஒரு சீட்டாட்டம். என் இரண்டு பேங்க்கில் ஒன்று கிராஃபீனில் சத்தமில்லாமல் ஓடுகிறது, மற்றது திறந்த உடனே 'இந்தப் போன் பாதுகாப்பில்லை' என்று மூடிக்கொள்கிறது. கம்பெனி அப்டேட் நின்று மூன்று வருடமான என் பழைய போனில் அதே ஆப் ஜம்மென்று ஓடுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பழைய போன் இப்போது வீட்டு மேசை டிராயரில் பேங்க் வேலைக்கு மட்டும் கிடக்கிறது. வேறு எதுவும் அதில் இல்லை. எந்தப் போன் ஆனாலும் சிம் போட்டால் நீங்கள் எந்த டவர் பக்கம் இருக்கிறீர்கள் என்று நெட்வொர்க்குக்குத் தெரியும், மோடத்துக்குள் ஓடும் நிரலும் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி மூடியதுதான்.

லேப்டாப் இதைவிட நிம்மதி. புதிது வேண்டாம், கம்பெனிகள் கழித்துப்போடும் திங்க்பேட் வாங்குங்கள். நான் நெல்லை எக்ஸ்பிரஸில் போய் சென்னை ரிச்சி தெருவில் டி480 வாங்கினேன், 21 ஆயிரம். கையோடு லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றிய பென்டிரைவ் கொண்டுபோனதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். கடையிலேயே அதில் பூட் செய்து வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, ஒவ்வொரு விசை, பேட்டரியின் மிச்ச ஆயுள் எல்லாம் பார்க்கலாம். பயாஸுக்குள், அதாவது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரலுக்குள், போகப் பாஸ்வேர்டு கேட்டால் பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் எடுத்துத் தருகிறேன் என்றாலும் எடுத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சார்ஜ் போடும் டைப்-சி துளையை ஆட்டிப் பாருங்கள், இந்த மாடலில் அது தேயும். இரண்டு பேட்டரி இருப்பதால் வெளியே இருப்பதை அணைக்காமலே கழற்றி மாற்றலாம். கரண்டு போகும் நாட்களில் அதன் அருமை தெரியும்.

முழுச் சுத்தம் பார்க்கிறவர்கள் எக்ஸ்200 என்ற பழைய திங்க்பேட் என்பார்கள். பயாஸுக்குப் பதில் லிப்ரேபூட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிரலைப் போட்டு, ஓஎஸ்ஸுக்கும் அடியில் தனியே ஓடும் இன்டெல்லின் மூடிய நிரலான மேனேஜ்மென்ட் எஞ்சினை அடியோடு எடுத்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் அது 2008 காலத்து மிஷின், இன்றைய இணையப் பக்கம் நாலு திறந்தால் மூச்சு வாங்கும். டி480-க்கும் 2024 கடைசியில் லிப்ரேபூட் வந்துவிட்டது. அடி மூடியைக் கழற்றி சிப்பில் கிளிப் மாட்ட வேண்டும், எனக்குத் தைரியம் வரவில்லை. நான் செய்தது, மின்ட் நிறுவும்போது வட்டு முழுவதையும் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் கட்டத்தில் டிக் போட்டது. டவுன் பஸ்ஸில் பையைத் தொலைத்தாலும் எடுத்தவருக்கு வெறும் இரும்புதான் மிஞ்சும். தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுவதற்கும் சிரமமில்லை, ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு நிரலைப் போட்டால் போதும். லினக்ஸ் நம்மூருக்குப் புதிதும் இல்லை, என் தங்கச்சிக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு மத்திய அரசின் பாஸ் (BOSS) லினக்ஸும் இருந்தது, நாங்கள்தான் திறந்து பார்க்கவில்லை.

இதையெல்லாம் வாங்கும் முன் வீட்டில் இருக்கும் பிரிண்டரின் மாடல் எண்ணை எடுத்து லினக்ஸில் ஓடுமா என்று தேடிவிடுங்கள். எங்கள் ஆபீஸில் இருந்த சின்ன லேசர் பிரிண்டர் கடைசி வரை மசியவில்லை. மறுநாள் தாக்கல் செய்ய வேண்டிய மனுவை, இவ்வளவு ஏற்பாடும் செய்துவிட்டு, பென்டிரைவில் போட்டு எதிர்த்த ஜெராக்ஸ் கடை விண்டோஸில்தான் பிரிண்ட் எடுத்தேன். அங்கே டெஸ்க்டாப் முழுக்க அடுத்தவர் மனுக்கள் கிடந்தன. என்னுடையதை நானே உட்கார்ந்து அழித்துவிட்டு வந்தேன்.