ஹேஷ்மேப்பில் சாவி இருந்தும் கெட் கேட்டால் ஏன் நல் வருகிறது?

ஜாவா ஹேஷ்மேப்பில், அதாவது சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பட்டியலில், ஊர்ப் பெயரைச் சாவியாக வைத்திருக்கிறீர்கள். அச்சிட்டுப் பார்த்தால் சாவி கண்ணெதிரே இருக்கிறது, மதிப்பை எடுக்கும் கெட் கேட்டால் நல், அதாவது 'எதுவும் இல்லை' என்று வருகிறது என்கிறீர்கள். பெயர்கள் தமிழில் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நான் சறுக்கி, மூன்று ஊருக்குத் தீபாவளிப் பலகாரம் நேரத்துக்குப் போகவில்லை.

காரைக்குடியில் எங்களுக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் கைமுறுக்கு, மாவுருண்டை, சீப்புச்சீடை எல்லாம் செய்து சுற்று ஊர்களுக்கு வண்டியில் அனுப்புவார். எந்த ஊருக்கு எந்த வண்டிக்காரர் என்பது அவருடைய நோட்டில் இருந்தது. அதைச் சின்ன மென்பொருளாக எழுதிக் கொடுத்தேன். ஊர் சாவி, வண்டிக்காரர் பெயர் மதிப்பு. பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி மூன்றையும் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் கோட்டையூரிலிருந்து போன். அப்புறம் தேவகோட்டை, கோனாபட்டு. டப்பாக்கள் கட்டியபடி வளவிலேயே அடுக்கி இருந்தன. எந்த வண்டிக்காரர் பட்டியலிலும் அந்த ஊர்கள் இல்லை. ஆச்சி கோபப்படவில்லை. "நோட்டைப் பாத்து அனுப்பிருவோம் தம்பி" என்றார். எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்று ஊரிலும் 'கோ' இருக்கிறது, கவனித்தீர்களா? எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அந்த உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் கோட்டையூரின் நீளம் ஒன்றில் 10, மற்றதில் 11. என் ஊர்ப்பட்டியல் பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றியது, அதில் கொம்பும் காலும் தனித்தனி. ஆர்டரோ போனில் தட்டியது. ஹேஷ்மேப் சாவியிலிருந்து கணக்கிடும் எண்ணான ஹேஷ்கோடை வைத்துத்தான் எந்தக் கட்டத்தில் தேடுவது என்று முடிவு செய்யும், பிறகு ஈக்வல்ஸ் போட்டு இரண்டு சாவியும் ஒன்றா என்று ஒப்பிடும். இரண்டுமே குறியீட்டைத்தான் பார்க்கும், எழுத்தின் உருவத்தை அல்ல. 'ஒ', 'ஔ' வரிசைக் குறிகளுக்கும் இதே கதைதான்.

மேப்பை ஒரு கிளாஸுக்குள் பிரைவேட்டாக வையுங்கள். போடும்போதும் எடுக்கும்போதும் சாவியை ட்ரிம் செய்து (முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்டி), நார்மலைசரில் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றுங்கள். ஜாவா 6 முதலே நார்மலைசர் இருக்கிறது. 'ஸ்ரீ' மட்டும் இதற்கு அடங்காது. ஸ வைத்தும் ஶ வைத்தும் எழுதுகிறார்கள், அவை இரண்டையும் என்எஃப்சி ஒன்றாக்காது. நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் செய்த இன்னொரு தப்பு, ஜாவா 8-இல் வந்த கெட்ஆர்டிஃபால்ட்டில், சாவி இல்லாதபோது தர வேண்டிய மாற்று மதிப்பாக, வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை) கொடுத்தது. சாவி கிடைக்காத ஊர்களெல்லாம் பெயரில்லாத வண்டிக்காரர் கணக்கில் விழுந்தன, அந்தப் பட்டியல் அச்சாகவே இல்லை. இப்போது சாவி இல்லையென்றால் சாவியையும் அதன் நீளத்தையும் சொல்லி எக்ஸெப்ஷன் எறிந்து நிரலை நிறுத்துகிறேன்.

"ஊருக்கு ஒரு எண் கொடுத்து அதைச் சாவியாக்கலாமே" என்று யாராவது வருவார்கள். ஆக்கலாம். ஆனால் மனிதர் தட்டுவது பெயரைத்தானே, பெயரிலிருந்து எண்ணுக்குப் போகவே ஒரு தேடல் வேண்டும். "தமிழில் சாவி வைத்தால் இப்படித்தான், இங்கிலீஷில் வை" என்பதை நான் ஏற்க மாட்டேன். கானாடுகாத்தானை இங்கிலீஷில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், அது மட்டும் பொருந்திவிடுமா?

ஆள் பெயரைச் சாவியாக வைத்திருந்தால் அதையும் உடனே மாற்றுங்கள். எங்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயர்தான், ஒரு தெருவிலேயே நாலு அண்ணாமலை இருப்பார்கள். ஒரே சாவியில் இரண்டாவது முறை புட் செய்தால் (மதிப்பைப் போட்டால்) பழைய மதிப்பு சத்தமில்லாமல் போய்விடும். நகரத்தார் கணக்குகளில் இதற்காகத்தான் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசம் இருந்தது. இன்றைக்கு சில ஆன்லைன் படிவங்களில் இன்ஷியலுக்கு ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம். என் அப்பாவின் நாலெழுத்து விலாசத்தை வெட்டித்தான் அப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் போட்டிருக்கிறேன், சான்றிதழோடு பெயர் பொருந்தவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். படிவம் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள்.

சரி, உங்கள் விஷயம். மேப்பில் உள்ள சாவி, நீங்கள் தேடும் சாவி, இரண்டின் நீளத்தையும் அச்சிட்டு இங்கே கமெண்டில் போடுங்கள். நீளம் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு குறியீட்டின் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.