குவாரிக் குழியைச் சீரமைக்கும் படிப்புக்கு நிலத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். பதினோரு வருடம் கிரானைட் குவாரியில் வேலை பார்த்தேன். இப்போது லோடு வேன் ஓட்டுகிறேன். மாதம் 18,000 ரூபாய் கைக்கு வரும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். பிளஸ் 2-வில் பயோ-மேத்ஸ் எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். கைவிட்ட குவாரிகளைச் சீர்செய்து மரம் வளர்க்கும் வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறாள். தெரிந்தவர் ஒருவர், வெளிமாநிலத் தனியார் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் படிப்பை மேனேஜ்மென்ட் கோட்டாவில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். 12 லட்சம் ஆகுமாம். 80 சென்ட் நஞ்சையை வைத்துக் கடன் வாங்கலாமா? பெண் பிள்ளைக்கு இந்த வேலை சரிப்படுமா?

பதில்: நிலத்தை வைக்காதீர்கள். மகளின் ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கீழவளவு பக்கம் தண்ணீர் நிற்கும் அந்தக் குவாரிப் பள்ளங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதைச் சரிசெய்யப் படிக்கிறேன் என்கிறாள். குவாரியில் உழைத்த தகப்பனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் அந்த 12 லட்சத்தின் கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்கு 3 லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 11 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது வட்டியே 4.62 லட்சம் ஏறியிருக்கும். மொத்தம் 16.62 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் கிட்டத்தட்ட 23,000 ரூபாய் கட்ட வேண்டும். அது உங்கள் இன்றைய மாத வருமானத்தைவிட அதிகம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் மத்திய அரசின் பிரதமர் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்துக்குள்ளும் வர முடியாது. அரசுப் பள்ளியில் படித்ததால் உங்கள் மகளுக்கு இருக்கும் பெரிய உரிமையும் கை நழுவிப்போகும்.

அந்த உரிமை, 2021-ல் தொழிற்படிப்புகளுக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பொறியியல், வேளாண்மை இரண்டுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கூடவே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

அப்புறம், எந்தப் படிப்பு? குவாரிச் சீரமைப்பு என்றால் பலரும் மரக்கன்று நடுவது என்று நினைக்கிறார்கள். தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைப்பது, கழிவு மேடுகள் சரியாதபடி சரிவை அமைப்பது, முதலில் புல்லும் பயறு வகைச் செடிகளும் வளர்த்து மண்ணுக்கு உயிர் கொடுப்பது, மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வழி வகுப்பது, இத்தனைக்கும் பிறகுதான் மரம். நெய்வேலி நிலக்கரிச் சுரங்க மேடுகள் இப்படித்தான் பசுமையாயின. நம் பக்கத்துக் கிரானைட் பள்ளம் இன்னும் கடினம். கீழே வெறும் பாறை, சுற்றிலும் கழிவுக் கற்கள், அடைபட்ட வரத்துக் கால்வாய்கள். ஆகவே மண்ணும் நீரும் தெரிந்தவர்தான் இதற்குத் தேவை.

அதனால் என் முதல் தேர்வு, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல். கிடைக்காவிட்டால் மேலூர் ரோட்டிலேயே இருக்கும் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி. வீட்டுக்குப் பக்கம்தான். இரண்டுக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வில் விண்ணப்பிக்க வேண்டும். சுரங்கப் பொறியியல்தான் வேண்டும் என்று மகள் உறுதியாகச் சொன்னால், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே அது இருக்கிறது. அதற்குப் பொறியியல் கலந்தாய்வு போதும், இடைத்தரகர் தேவையில்லை.

சீரமைப்பு என்ற பெயரில் நேரடியாக வரும் வேலைகள் குறைவு. சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புச் சுரங்கங்கள், நெய்வேலி, வனத்துறை என்று அவை பரவிக் கிடக்கின்றன. தேவை சட்டத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களைத் தோண்டும் சுரங்கங்கள் மூடல் திட்டமும் அதற்கான நிதி உறுதியும் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2017 கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள் சொல்கின்றன. தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் பட்டப்படிப்பு அகலமாக இருக்கட்டும். அதன் பிறகு, நமக்குப் பணம் தரும் இடத்தில் சிறப்புப் படிப்பைப் படிக்கட்டும். வனவியல் முதுகலைக்கு ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) தேர்வில் நல்ல ரேங்க் வந்தால் மாத உதவித்தொகை உண்டு. பொறியியல் வழியில் போனால், கேட் (GATE) என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கிடைக்கிறது.

இளநிலையில் 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்காமல் கடன் தேவைப்பட்டால், 4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானமும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம். 7.5 லட்சம் வரைகூட நிலம் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் என்பதால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஒரு வருடத்துக்கும் மத்திய அரசின் வட்டி மானியம் உங்களுக்குப் பொருந்துமா என்று வங்கியில் கேளுங்கள். தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சுரங்கக் குத்தகைதாரர்கள் கட்டும் பணத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை இயங்குகிறது. கல்வியும் திறன் பயிற்சியும் அதன் முன்னுரிமைகளில் அடங்கும். குவாரியால் பாதிக்கப்பட்ட ஊர் என்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். கிடைத்தால் கூடுதல்; இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். 2019 முதல், எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு, நிலத்தடிச் சுரங்கங்களில்கூடத் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பெண்கள் சேரலாம். உங்கள் மகள் செய்ய நினைப்பதோ வெட்டவெளியில், மண்ணோடு செய்யும் வேலை. தாராளமாகச் சரிப்படும்.

அந்தத் தெரிந்தவருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். பத்திர நகலைக் கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள்.