பெற்றோர் அதிகம் படிக்கவில்லை என்றால் பிள்ளையின் படிப்புக்கு எப்படி ஊக்கம் கொடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: மகன் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். கதைப் புத்தகம் எதையும் தொடுவதில்லை, பாடப் புத்தகத்தைக்கூடத் திட்டினால்தான் எடுக்கிறான். நீங்களும் உங்கள் கணவரும் எட்டாவதைத் தாண்டாதவர்கள். சொல்லிக்கொடுக்கத் தெரியாத நாங்கள் அவனுக்கு எப்படித் துணை நிற்பது என்று கேட்கிறீர்கள்.

என் அம்மா பள்ளிக்கூடமே போகாதவர். என் படிப்புக்கு அவரைவிடப் பெரிய துணை எனக்கு இருந்ததில்லை. அவர் என்ன செய்தார் என்பதைத்தான் எழுதப் போகிறேன். உங்களுக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். மானாவாரிக் கடலைதான் எங்கள் பிழைப்பு. 1991-92இல் அங்கே, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பிளஸ் டூ முடித்திருந்த பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சம்பளம் எதுவும் இல்லாமல் சாயந்திரம் எங்கள் தெருப் பெண்களுக்குப் பாடம் நடத்துவார். வேலை முடிந்து, சோறு ஆக்கி வைத்துவிட்டு வருவதற்கு எட்டு மணி ஆகிவிடும். தெருவிளக்கின் கீழே சாக்கு விரித்து உட்காருவார்கள். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாது என்பதால் அம்மா என்னையும் கூட்டிப் போவார்.

அந்தப் பாடநூல் அ, ஆ என்று தொடங்காது. முதல் சொல்லே 'பட்டா'. நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்த இடம் அது. அந்த ஒரு சொல்லைப் பற்றியே நெடுநேரம் பேச்சு ஓடும், எழுத்து அதற்குப் பிறகுதான். எங்கள் பள்ளியில் இப்படி யாரும் எங்களிடம் பேசியதில்லை. சொல் என்பது நம் வீட்டு விஷயம் என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் சிலேட்டை என் சிலேட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். நான் எழுத உட்காருவதற்கு முன்பே அவர் எழுதத் தொடங்கிவிடுவார். 'இ' அவருக்கு வரவே வராது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்கு அந்தச் சுழி மடங்கவில்லை. எழுதுவார், எச்சில் தொட்டு அழிப்பார், திரும்ப எழுதுவார். "படி, படி" என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் வரவில்லை. அம்மா எழுதிக்கொண்டிருக்கும்போது நான் சும்மா இருப்பது எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் 'கறி' எழுதச் சொன்னபோது 'கரி' என்று எழுதினார். தப்பு என்றேன். "ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது, எதுக்கு ரெண்டு எழுத்து?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "நாளைக்கு உங்க சார்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார். மறுநாள் வகுப்பில் எழுந்து கேட்டேன். நான் பள்ளியில் கேட்ட முதல் கேள்வி அதுதான். சார் கரும்பலகையில் இரண்டையும் எழுதி, நாக்கு எங்கே தொடுகிறது என்று சொல்லிக் காட்டினார். அதை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் ஒப்பித்தேன். அதன் பிறகு அம்மாவுக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்பதற்காகவே வகுப்பில் கவனித்த நாட்கள் நிறைய.

உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையமே இதுதான். சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று தயங்குகிறீர்கள். அவன் உங்களுக்குச் சொல்லித்தரட்டும். நடிக்க வேண்டாம், தெரிந்ததைத் தெரியாதது போலக் கேட்டால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றை, தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள்.

அந்தச் சமயத்தில் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளியோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் கற்கவும் வழிசெய்தார்கள். அம்மாவும் கற்றுக்கொண்டார், வாடகை சைக்கிளில். பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான் கிடைக்கும். பலர் அதையே விரும்பினார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே. அம்மா அதில் துண்டைச் சுற்றி என்னை ஏற்றிக்கொண்டு ஆலங்குடி கிளை நூலகத்துக்குப் போனார். நாங்கள் போன முதல் நாள் வெள்ளிக்கிழமை. பூட்டிக் கிடந்தது. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. (நீங்கள் வேறு நாளில் போங்கள்.) ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனோம்.

அங்கே சிறுவர் பகுதியில் பெரிய எழுத்தில், படம் போட்ட மெல்லிய புத்தகங்கள் இருந்தன. எட்டு வயது எனக்கும், எழுத்துக் கற்று ஒரு வருடம்கூட ஆகாத அம்மாவுக்கும் ஒரே புத்தகம் சரியாக இருந்தது! ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர் என்று மாற்றி மாற்றி வாசிப்போம். அவர் எழுத்துக் கூட்டி வாய்விட்டுத்தான் படிப்பார். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நூலகர் ஒரு நாளும் தடுக்கவில்லை. அந்த மனிதருக்கு என் நன்றி என்றைக்கும் உண்டு.

ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது நான் வேகமாகப் படிக்கத் தொடங்கிவிட்டேன். அம்மாவால் கூட வர முடியவில்லை. நிறையப் பெற்றோர் ஒதுங்கிக்கொள்ளும் இடம் இதுதான். அம்மா ஒதுங்கவில்லை. ராத்திரி விதைக்கடலை உடைக்கும்போது, "இன்னைக்குப் படிச்சதைச் சொல்லு" என்பார். சொல்வேன். நடுவில் நான் எதிர்பார்க்காத ஏதாவது கேட்பார். "அந்த ராஜா ஊரை விட்டுப் போனானே, அவன் மாட்டை யார் பார்த்துக்கிட்டா?" புத்தகத்தில் அது இருக்காது. இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பப் படிப்பேன். இல்லையென்றால் நானே ஒரு பதில் யோசித்துச் சொல்வேன். இன்றைக்கு யோசித்தால், நான் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டதே அந்தக் கடலைக் குவியலுக்கு முன்னால்தான்.

அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பாசமானவர். ஆனால் அவருக்கு மார்க் ஒன்றுதான் கணக்கு. அரையாண்டில் கணக்கில் குறைந்தபோது, சொந்தக்காரர்கள் முன்னாலேயே பெரியப்பா மகனோடு என்னை ஒப்பிட்டுப் பேசினார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே அந்தப் பேச்சுதான் காதில் கேட்டது. ஒப்பிட்டுப் பேசுவது ஊக்கம் இல்லை, அது பாடத்தின் மேலேயே வெறுப்பை ஏற்றிவிடும். உங்கள் கேள்வியில் "என் அக்கா மகன் எவ்வளவோ படிக்கிறான்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை மகனிடம் சொல்லியிருந்தால், தயவுசெய்து இனிமேல் வேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 1997இல் எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் தெர்மோகோலில் எரிமலை, நுரையீரல் என்று செய்தார்கள். எங்களுக்கு அதற்கெல்லாம் காசு இல்லை, செய்து தரவும் ஆள் இல்லை. நான் கலந்துகொள்ளவில்லை என்று வீட்டில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடலை மேல பூத்து கீழ காய்க்குதே, அது உங்க சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

மறுநாள் விடியலில் கடலைக் கொல்லைக்குப் போனோம். எங்கள் கொல்லையில் முன்னால் விதைத்த செடி, பக்கத்துக் கொல்லையில் பின்னால் விதைத்த செடி என்று வயது வாரியாக, வேர் அறுபடாமல் மண்ணோடு தோண்டி எடுத்தார். பூ வந்த செடி ஒன்று. பூ உதிர்ந்த இடத்திலிருந்து விழுது நீண்டு மண்ணைப் பார்த்து இறங்கும் செடி ஒன்று. விழுது மண்ணுக்குள் போய் நுனி பருத்திருக்கும் செடி ஒன்று. காய் பிடித்தது ஒன்று. நான்கையும் ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார். விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது ஏன் என்றும் சொன்னார். விழுது இறங்க மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், எட்டாத விழுது காய்க்காமல் காய்ந்துவிடும். ஜிப்சத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைத்தான் காய் எடுத்துக்கொள்கிறது, அது இல்லையென்றால் உள்ளே பருப்பில்லாத பொக்குக் கடலையாகிவிடும் என்பதைப் புத்தகத்தில் தேடி நான் சேர்த்துக்கொண்டேன். பாதி அவருடையது, பாதி என்னுடையது.

கண்காட்சியில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அறிவியல் டீச்சர் அந்தச் செடிகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்று கேட்டார். அடுத்த வாரம் ஆள் அனுப்பி அம்மாவை வகுப்புக்கு வரவழைத்தார். அம்மா துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, கடைசிவரை நின்றுகொண்டேதான் பேசினார். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். நாற்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் கேட்டார்கள். ஒருவன் எழுந்து, "விழுது மண்ணுக்குள்ள போகாம இருந்தா அதுல பூ வருமா?" என்று கேட்டான். அம்மா, "வராது தம்பி. ஆனா நல்ல கேள்வி" என்றார். என் அம்மா என் வகுப்பில் நின்று இன்னொரு பிள்ளையிடம் அப்படிச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வந்த பெருமையை இன்னும் என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை.

உங்களுக்கும் ஏதோ ஒரு தொழில் இருக்கும். தையலோ, சமையலோ, கொத்து வேலையோ, லாரி ஓட்டுவதோ. அதற்குள் கணக்கு இருக்கிறது, அறிவியல் இருக்கிறது. பள்ளியில் ஏதாவது செய்துகொண்டு வரச் சொன்னால் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் கைக்குத் தெரிந்ததிலிருந்து அவன் செய்யட்டும்.

சரி, இப்போது வாசிப்புக்கு வருவோம். பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கம் என்று மெல்லிய சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். ஆறாம் வகுப்பு ஆயிற்றே என்று பார்க்காமல் 'நுழை'யிலிருந்தே அவன் தொடங்கட்டும். ஒரு புத்தகத்தை முழுதாக முடித்தேன் என்ற எண்ணம் அவனுக்கு முதலில் வர வேண்டும். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு 'தேன்சிட்டு' என்ற இதழும் பள்ளிக்கு வரும். வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், கேட்கிற பெற்றோர் குறைவு என்பதால் கேட்டாலே சந்தோஷப்படுவார்கள். நூலகத்துக்கும் தயங்காமல் போங்கள். நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது, அது நம்முடைய இடம்.

தினமும் ஒரு முறையாவது வீட்டுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற எதையாவது அவனை வாசிக்கச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, மின் கட்டண ரசீது. அவன் வாசித்தால்தான் வேலை நடக்கும் என்று இருக்க வேண்டும்.

வாசிக்கும்போது கண்ணைச் சுருக்குகிறானா, கரும்பலகை தெரியவில்லை என்கிறானா என்று பாருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்க 'கண்ணொளி காப்போம்' என்று திட்டமே இருக்கிறது. எழுத்தே குழம்புகிறது என்றால் அது சோம்பேறித்தனமாக இல்லாமல் இருக்கலாம், ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். திட்டுவதை அதுவரைக்குமாவது நிறுத்திவையுங்கள்.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இத்தனையாவது படித்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. நீங்கள் அதில் சேரலாம். அம்மா பள்ளிக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அந்நியமான இடமாக இருக்காது. இதை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா இப்போதும் ஊரில்தான் இருக்கிறார். இந்தப் பதிலை எழுதுவதற்கு முன் போனில் உங்கள் கேள்வியை வாசித்துக் காட்டி, "நீ என்னம்மா சொல்லுவே?" என்று கேட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தம்பிக்கு என்ன பிடிக்கும்னு அதுல எழுதவே இல்லையே. அதைக் கேளு முதல்ல" என்றார்.

அவனுக்கு என்ன பிடிக்கும்? கீழே எழுதுங்கள், நான் அம்மாவிடம் சொல்கிறேன்.