ஏரியில் தனியாகத் துடுப்பு வலிப்பது

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

பெருங்கடலைத் துடுப்புப் படகில் தனியாகக் கடந்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியை நெடுக வலித்துப் போவது அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்று அதில் ஒரு வரி வருகிறது. வேண்டும்போது கரையில் ஒதுங்கிக்கொள்ளக்கூடிய ஏரியில் அப்படி என்ன ஆபத்து? கரைச்சாலையில் ஒருவர் காரில் தொடர்ந்து வந்தால் அதைத் தனிப்பயணம் என்று சொல்லலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கரை பக்கத்தில் இருப்பதுதான் அங்கே சிக்கலே. ஜான் ஃபேர்ஃபாக்ஸ் 1969-இல் அட்லாண்டிக்கை முதன்முதலாகத் தனியாகத் துடுப்பு வலித்துக் கடந்தபோது ஏறக்குறைய ஆறு மாதம் கடலில் இருந்தார். நடுக்கடலில் புயலடித்தால் துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டுப் படகை அதன் போக்கில் விட்டுவிடலாம். நாலு நாள் பின்னுக்குத் தள்ளப்பட்டாலும் மோதுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஏரியில் காற்று கரைப்பக்கம் திரும்பிவிட்டால், கை ஓய்ந்த சிறிது நேரத்தில் படகு பாறையில் கிடக்கும்.

சுப்பீரியரின் நீளம் சுமார் 563 கிலோமீட்டர். பரப்பளவு 82,100 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஆஸ்திரியா நாட்டின் அளவு. சாமான் ஏற்றிய படகைத் தனியாள் மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் வேகத்தில் வலிக்கலாம் என்பதால், நாளுக்கு 8 மணி நேரம் வீதம் இரண்டு வாரத்துக்குள் பயணம் முடிந்துவிட வேண்டும். தாளில் போட்ட இந்தக் கணக்கு தண்ணீரில் செல்லாது. கோடையில் நிலம் சூடேறியும் நீர் குளிர்ந்தும் இருப்பதால் முற்பகல் கடந்ததும் ஏரியிலிருந்து காற்று எழும்; விடியுமுன் கிளம்பி நண்பகலுக்குள் கரையேறிவிடுவதே புத்திசாலித்தனம். காற்று வலுத்த நாள்களில் கூடாரத்துக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். அந்த ஏரியின் அலைகள் கடலலைகளைவிட நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுவதால், ஒரு துடுப்பு ஆழ முழுகும் அதே கணத்தில் மற்றது வெறுங்காற்றை வலிக்கும்.

தென்கரையில் பிக்சர்டு ராக்ஸ் என்ற பகுதியில் மணற்பாறைச் சுவர்கள் சுமார் 24 கிலோமீட்டருக்கு நீள்கின்றன. சில இடங்களில் 60 மீட்டர் உயரம். உல்லாசப் படகில் போகிறவர்களுக்கு அவற்றின் செம்மஞ்சள் கறைகள் கண்ணுக்கு விருந்து. வலிப்பவருக்கோ படகை ஏற்ற இடமே அரிது. சுவரில் மோதித் திரும்பும் அலை, வருகிற அலையோடு கூடித் தண்ணீரைக் கண்டபடி குதிக்கவைக்கும். போதாததற்கு அவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். தொப்பி விளிம்பில் பொருத்திய சிறு கண்ணாடியில் தெரிவதுதான் முன்னே இருக்கும் உலகம். மீதிக்கு இரண்டு மூன்று வலிப்புக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிரை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். கரையை விட்டு விலகிய இடங்களில் ஜூலையில்கூடத் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருப்பதுண்டு. அதில் விழுந்தவருக்கு முதல் நிமிடம் மூச்சே வசப்படாது. பத்து நிமிடம் போனால் விரல்கள் சொன்னபடி கேட்கமாட்டா. கைகொடுக்க இன்னோர் ஆள் இல்லாதவர் படகில் திரும்ப ஏறுவதற்கு அவ்வளவே அவகாசம். ஆகவே மிதவைச் சட்டை படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். பருவமும் முக்கியம்: 1975 நவம்பர் 10 அன்று, 222 மீட்டர் நீளமுள்ள எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல், ஒதுங்குவதற்கு ஒயிட்ஃபிஷ் விரிகுடாவை நோக்கி வந்துகொண்டிருந்தபோது புயலில் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் இறந்தார்கள். துடுப்புப் படகுக்காரர்கள் கோடையோடு நிறுத்திக்கொள்வதில் வியப்பில்லை.

கார் விஷயத்தில் நான் அவ்வளவு கறாரானவன் அல்லன். எந்த இடத்தில் எப்போது கரையேறுவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும், வானொலியில் வானிலை அறிவிப்பைக் கேட்பதும் தனிமையைக் கெடுப்பதாக நான் நினைக்கவில்லை. கரையிலிருப்பவர் ரொட்டி வாங்கித் தரட்டும். மாலையில் களைத்த கையோடு படகைக் கூழாங்கற்களின்மேல் இழுத்து, இரவில் நீர்மட்டம் ஏறினாலும் எட்டாத உயரத்தில் சேர்க்கும் வேலையை மட்டும் பயணி தானே செய்ய வேண்டும், ஏனெனில் அன்றைய வலிப்பைவிட அது கடினம். எதிர்க்காற்று அடித்த நாளில் படகைக் காரின்மேல் ஏற்றி அடுத்த ஊரில் இறக்கினால், அந்த இடைவெளியை அவர் கணக்கில் சேர்க்கக் கூடாது.