பழைய கணினியில் டெர்மினல் எமுலேஷன் என்றால் என்ன? நெட்வொர்க் வழியாக எப்படி அமைப்பது?

உங்கள் கணினி வெறும் கீபோர்டும் திரையுமாக நடந்துகொள்வதுதான் டெர்மினல் எமுலேஷன். வேலையைச் செய்வது நெட்வொர்க்கில் வேறெங்கோ இருக்கும் கணினி. டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: தண்ணீர் தேங்கியிருப்பது மேட்டூரில், நம் வயலில் இருப்பது மடை மட்டும்.

அந்தக் கணினி எழுத்துகளோடு, ‘திரையை அழி’, ‘ஐந்தாம் வரிக்குப் போ’ போன்ற கட்டளைகளையும் அனுப்பும். 1978இல் வந்த விடி100 டெர்மினலின் கட்டளைகளே இன்றும் பெரும்பாலும் பொதுமொழி. அதனால் டெர்மினல் எமுலேஷன் மென்பொருளில் டெர்மினல் வகை விடி100, 80 எழுத்து, 24 வரி என்று வைத்து, அந்தக் கணினியின் ஐபி முகவரியைக் கொடுங்கள். திரையில் குப்பை எழுத்துகள் கொட்டினால் முதலில் வகையைச் சரிபாருங்கள். இணைக்கும் முறைகளில் டெல்நெட் (போர்ட் 23) பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும். வீட்டுக்கு வெளியே தயவுசெய்து, மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் மட்டும்.

பலர் நினைப்பதுபோல் இதனால் பழைய கணினியின் வேகம் கூடிவிடாது. வேலை அங்கே நடப்பதால் இந்தக் கணினியின் மந்தம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.